தீர்ப்புத் தொகையும் கைக்கு வந்த தொகையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க மருந்து வழக்குகளில் ஜூரி அறிவிக்கும் பெருந்தொகையைத் தலைப்பில் போடும் செய்திகள், பிறகு நடப்பதையும் சொல்ல வேண்டும். மாரடைப்பு அபாயம் உண்டாக்கியதாகக் குற்றம்சாட்டப்பட்ட வயாக்ஸ் என்ற வலிநிவாரணி மருந்து வழக்கில், 2005இல் டெக்சாஸின் ஆங்கிள்டன் நகர ஜூரி, கணவரை இழந்த பெண்ணுக்கு 25.3 கோடி டாலர் வழங்கியது. மாநிலச் சட்டத்தின் உச்சவரம்பால் சுமார் 2.6 கோடியாகச் சுருங்கிய அத்தொகை, 2008இல் மேல்முறையீட்டில் முற்றிலும் ரத்தானது. இதற்கிடையே 2007இல் அம்மருந்தைத் தயாரித்த மெர்க் நிறுவனம், தவற்றை ஒப்புக்கொள்ளாமலே, வழக்குத் தொடுத்திருந்த ஆயிரக்கணக்கானோருடன் மொத்தம் 485 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. பாதிப்பின் கடுமை, மருந்து உண்ட காலம், வயது, புகைப்பழக்கம் ஆகியவற்றைப் புள்ளியிட்டுப் பணம் பிரிக்கப்பட்டது. தலைக்குக் கிடைத்தது குறைவுதான். ஆனாலும் கைக்கு வந்தது. எனினும், நிறுவனத்தின் உள் மின்னஞ்சல்களை ஊரறிய விரித்துக் காட்டியவை அந்த ஜூரி விசாரணைகளே. அவை நடக்காதிருந்தால் நிறுவனம் இவ்வளவு இறங்கி வந்திருக்காது என்றே உறுதியாக நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை