நாள்தோறும் உள்வாங்கும் கடல்

சுவான்சி, வேல்ஸ்
பெப்ரவரி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்களும் அம்மாவும் அம்மம்மாவும் தம்பியும் சுகமாயிருக்கக் கோணேசரை வேண்டுகிறேன். தொலைபேசியில் பேசினால் சாப்பாடு, குளிர், படிப்பு என்பதோடு நேரம் முடிந்துவிடுகிறது. உங்களிடம் ஆறுதலாகச் சொல்ல வேண்டியவை நிறையச் சேர்ந்துவிட்டன. எல்லாம் கடலைப் பற்றியவை. அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே கடல் ஒவ்வொரு நாளும் உள்வாங்குகிறது, அப்பா.

எங்கள் வீட்டில் கடல் உள்வாங்கியது என்றால் அது 2004 டிசம்பர் 26தான். திருகோணமலை உப்புவெளியிலிருந்து என்னைத் தூக்கிக்கொண்டு நீங்கள் ஓடியது எனக்கு நினைவில்லை. ஆனால் முதல் அலைக்குப் பிறகு தண்ணீர் இழுபட்டுப் போனதையும், தரையில் மீன் துடித்ததையும், அதைப் பார்க்க இறங்கியவர்கள் திரும்பி வராததையும் கேட்டுக் கேட்டே வளர்ந்தேன். "கடல் பின்னுக்குப் போனால் பார்த்துக்கொண்டு நிற்காதே, ஓடு" என்று எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள். வந்த புதிதில் ஒரு காலை பல்கலைக்கழக வளாகத்தின் பின்னாலுள்ள கரைக்குப் போனேன். முதல் நாள் மாலை மணல்மேட்டுக்குக் கிட்ட நின்ற கடலைக் காணவில்லை. ஈர மணலும் சேறும்தான் கிடந்தன. தண்ணீர் தூரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடாகத் தெரிந்தது. எனக்குக் கைகால் விறைத்துவிட்டது. வயதான பெண்ணொருவர் நாயோடு அந்த வெளியின் நடுவில் நிதானமாக நடந்துகொண்டிருந்தார். அவரைப் பார்த்துத்தான் நான் ஓடாமல் நின்றேன்.

வற்றுப்பெருக்கைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் திருகோணமலையில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையில் ஒரு மீற்றர்கூட வராது. வள்ளத்தை மணலில் இழுத்து ஏற்றிவிட்டால் விட்ட இடத்திலேயே கிடக்கும். இங்கே பெரிய பெருக்கு நாட்களில் அந்த வித்தியாசம் எட்டு மீற்றரைத் தாண்டும்! அத்திலாந்திக் கடலிலிருந்து வரும் தண்ணீர் பிரிஸ்டல் கால்வாய்க்குள் நுழைகிறது. அந்தக் கால்வாய் உள்ளே போகப் போக ஒடுங்குவதால் தண்ணீருக்கு மேலே எழும்புவதைத் தவிர வழியில்லை. உலகத்தில் இதைவிடக் கூடுதலாக ஏறி இறங்குவது கனடாவின் ஃபண்டி குடாவில் என்கிறார்கள். ஒரு பெருக்குக்கும் அடுத்ததற்கும் இடையில் ஏறத்தாழ 12 மணித்தியாலமும் 25 நிமிடமும். அமாவாசைக்கும் பூரணைக்கும் ஓரிரு நாள் பிந்தி மிகக் கூடுதலாக ஏறி மிகக் கூடுதலாக வற்றும். எல்லாவற்றுக்கும் நேர அட்டவணை உண்டு. இங்கே நான் முதலில் பழகியது பஸ் நேரமல்ல, இந்த அட்டவணைதான். கடல் எப்போது போகும், எப்போது வரும் என்று தெரிந்த பிறகுதான் இரவில் நிம்மதியாகத் தூங்கினேன்.

நகரத்துக்கு மேற்கே மம்பிள்ஸ் என்ற இடத்துக்கு ஒருநாள் உங்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். தண்ணீர் வற்றியதும் அங்கே கட்டியுள்ள படகுகள் சேற்றிலே இறங்கிவிடும். சில சரிந்து கிடக்கும், சில நிமிர்ந்து நிற்கும். கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். நிமிர்ந்து நிற்பவற்றுக்கு அடியில், நடுவில் ஓடும் ஒரே ஏராக் கட்டைக்குப் பதிலாக இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. இரண்டையும் ஊன்றிக்கொண்டு படகு அசையாமல் நிற்கிறது. இந்தக் கடலுக்கென்றே யோசித்துச் செய்தது. நீங்கள் பார்த்தால் சுற்றிச் சுற்றி வருவீர்கள்.

வற்று நேரத்தில் தூண்டில்காரர்கள் மண்வெட்டியுடன் இரை தோண்ட வருகிறார்கள். மணலில் புழு இருக்கும் இடத்தை அது வெளியே தள்ளிய மண் காட்டிக்கொடுக்கும், சின்ன இடியப்பம் பிழிந்துவைத்த மாதிரி. ஒரு பெரியவர் எனக்குத் தோண்டிக் காட்டினார். விரல் மொத்தம், கறுத்த புழு. என் அப்பா மீன்பிடிக்கிறவர் என்றேன். உடனே என்ன வலை, என்ன மீன் என்று கேட்டார். கரைவலையைப் பற்றியும், ஊரே சேர்ந்து கயிறு இழுப்பதைப் பற்றியும் சொன்னேன். அன்றிலிருந்து கண்டால் நின்று கதைப்பார்.

மம்பிள்ஸில் கடலில் ஆபத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்றும் படகு நிலையம் ஒன்று இருக்கிறது. அதை நடத்துவது அரசு அல்ல, மக்கள் போடும் நன்கொடையில் நடக்கிறது. படகில் போகிறவர்களில் பெரும்பாலானோர் சம்பளம் வாங்காத ஊர்க்காரர்கள். 1947 ஏப்ரலில் புயலில் சிக்கிய சம்தம்பா என்ற கப்பலைத் தேடிப்போன எட்டுப் பேரும் திரும்பவில்லை. கப்பலில் இருந்த 39 பேரும் இறந்துபோனார்கள். அதை அறிந்த அன்று நம் கரையில் வாடைக்காலத்தில் காணாமல் போனவர்களைத் தேடி நீங்களெல்லாம் சொந்த எண்ணெயில் போனது நினைவுக்கு வந்தது. அந்த வேலைக்கு நம் ஊரிலும் இப்படி ஒரு நிலையம் வேண்டும். படித்து முடித்து வந்ததும் இதைப் பற்றிச் சங்கத்தில் பேசலாம் என்றிருக்கிறேன்.

அம்மாவிடம் சொல்லுங்கள், இங்கே சந்தையில் அவித்த மட்டி விற்கிறார்கள். வினாகிரியும் மிளகும் போட்டுச் சாப்பிடுகிறார்கள். நான் வாங்கிவந்து தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைத்தேன். கிண்ணியா மட்டியின் ருசி இல்லை, ஆனாலும் சோறு இறங்கியது. மிளகாய்த்தூள் முடிகிறது. அம்மம்மாவுக்கு ஒரு சேதி: இங்கே பெயர்ப்பலகைகளில் ஆங்கிலத்தோடு வேல்ஸ் மொழியும் இருக்கிறது. 2021 கணக்கெடுப்பின்படி அதைப் பேசுவோர் 5,38,000 பேரளவில்தான். அவ்வளவு பேருக்காகவும் எழுதி வைக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

இனி முக்கியமானது. எஞ்சினை விற்று மீதிக் கட்டணத்தை அனுப்பப் போவதாகத் தம்பி சொன்னான். விற்க வேண்டாம், அப்பா. தவணையாகக் கட்ட அனுமதி வாங்கிவிட்டேன். மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம் வேலை செய்யலாம். ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் அது போதும். இப்போது வாடை ஓய்ந்து நீங்கள் தொழிலுக்குப் போகும் காலம். எஞ்சின் போனால் அடுத்தவரின் படகில் கூலிக்குப் போவீர்கள். அதை நினைத்துக்கொண்டு என்னால் இங்கே ஒரு பக்கமும் படிக்க முடியாது.

சிவராத்திரி முடிந்து கோணேசர் நகர்வலம் வரும்போது வாசலில் நிறைகுடம் வைத்ததும் படம் எடுத்து அனுப்புங்கள். ஞாயிறுதோறும் உங்கள் நேரம் மாலை ஐந்தரைக்கு எடுப்பேன். மார்ச் கடைசி ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவார்கள். அதன்பிறகு நாலரைக்கே எடுப்பேன், கரையில் வேலை இருந்தாலும் அந்த நேரம் தொலைபேசியைக் கையில் வைத்திருங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்