போத்தலை எண்ணினால் மட்டும் போதாது: ஆய்வுகூட இரசாயனங்களை மாரிக்கு முன் பரிசோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆண்டுக்கொருமுறை பாடசாலைகளில் பொருட் கணக்கெடுப்பு நடக்கும்போது ஆய்வுகூட அலுமாரியும் திறக்கப்படுகிறது. பதிவேட்டில் நைத்திரிக்கமிலம் இரண்டு போத்தல் என்றிருக்கும். தட்டிலும் இரண்டு நிற்கும். சரி போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். மேசை கதிரைக்கு அது போதும், இரசாயனத்துக்குப் போதாது. எப்போது வந்தது, எப்போது திறந்தது, எவ்வளவு மிச்சம், மூடி என்ன நிலையில், பக்கத்தில் நிற்பது என்ன என்பதெல்லாம் எழுதப்படாத பதிவேட்டை நம்பி ஒரு பிள்ளையையும் அந்த அறைக்குள் விட முடியாது.

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள எமது பாடசாலைகளில் உப்புக்காற்றும் ஈரமும் வேலையை இன்னும் கெடுக்கின்றன. இரும்புத் தட்டு துருப்பிடிக்கும், லேபல் கழரும். செறிந்த ஐதரோக்குளோரிக்கமிலத்தையும் அமோனியாவையும் ஒரே அலுமாரியில் வைத்தால் போத்தல்களின் கழுத்திலும் தோளிலும் வெள்ளைத் தூள் படியும். தூசி என்று நினைத்துத் துடைத்துவிடுகிறார்கள். அது அமோனியம் குளோரைட்டு. இரண்டு மூடியும் கசிகின்றன என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

தேட வசதி என்று ஆங்கில அகரவரிசையில் அடுக்குவது இன்னொரு ஆபத்து. அந்த வரிசையில் அலுமினியம் தூளுக்குப் பக்கத்தில் அமோனியம் இருகுரோமேற்று வந்துவிடும். நப்தலீனுக்கு அருகில் நைத்திரிக்கமிலம். பொற்றாசியம் உலோகத்துக்கு அடுத்து பொற்றாசியம் நைத்திரேற்று. எரியும் பொருளையும், அதை எரியத் தூண்டும் ஒட்சியேற்றியையும் நாமே கைகோர்த்து நிறுத்துகிறோம். முதலில் ஆபத்தின் வகைப்படி பிரியுங்கள்: தீப்பற்றும் திரவங்கள், ஒட்சியேற்றிகள், அமிலங்கள், காரங்கள், நீருடன் தாக்கமுறுபவை, நஞ்சுகள். அகரவரிசை அந்தந்த வகைக்குள் இருக்கட்டும். அமிலங்களிலும் நைத்திரிக்கமிலத்துக்குத் தனிப் பேசின் வேண்டும். அசற்றிக்கமிலம் அமிலமானாலும் எரியக்கூடியது, இரண்டையும் சேர்க்கக் கூடாது.

சில பொருட்கள் சும்மா நின்றே ஆபத்தாகும். இருஎதைல் ஈதர் காற்றுப் பட்டால் வெடிக்கக்கூடிய பேரொட்சைட்டை உண்டாக்கும். திறந்த 6 மாதத்துக்குள் முடிக்க வேண்டும்; திறக்காவிட்டாலும் ஓராண்டுக்கு மேல் வைக்கக் கூடாது. திறந்த திகதி தெரிந்த போத்தலென்றால், 1 மி.லீ கிளேசியல் (நீர் கலக்காத) அசற்றிக்கமிலத்தில் 0.1 கிராம் பொற்றாசியம் அயடைட்டு இட்டு, 1 மி.லீ ஈதர் சேர்த்துப் பார்க்கலாம். மஞ்சள், கபிலம் என்று நிறம் வந்தால் பேரொட்சைட்டு உண்டு. திகதி தெரியாத பழைய போத்தலையோ, மூடியைச் சுற்றிப் பளிங்கு கண்ட போத்தலையோ திறக்க வேண்டாம், அசைக்கவும் வேண்டாம். காய்ந்துபோன பிக்ரிக்கமிலத்துக்கும் இதே விதிதான். எண்ணெய்க்குள் இருக்கும் பொற்றாசியத்தில் மஞ்சளோ செம்மஞ்சளோ ஆன படை தெரிந்தால் கத்தி வைக்கக் கூடாது. வெட்டும்போதே வெடித்த சம்பவங்கள் உண்டு. அல்டிகைட்டுச் சோதனைக்குத் தயாரித்த அமோனியா சேர் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலை நாளைக்கென்று எடுத்து வைக்கவே கூடாது. அன்றே ஐதான நைத்திரிக்கமிலம் சேர்த்து அமிலமாக்கி, கழிவுப் போத்தலில் சேர்க்க வேண்டும். அந்தக் கழிவுப் போத்தலில் எதனோலோ அசற்றோனோ இருக்கக் கூடாது.

பரிசோதனையை ஆவணி, புரட்டாதியில், ஐப்பசி மழைக்கு முன் செய்யுங்கள். தனியாக ஒருவர் செய்யக் கூடாது. ஒருவர் போத்தலைப் பார்க்க மற்றவர் எழுத வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, திறந்த யன்னல், ஒரு வாளி உலர்ந்த மணல், சோடியம் இருகாபனேற்று ஆகியவை முதலே தயாராக இருக்கட்டும். சோடியம் தீப்பற்றினால் உலர் மணல்தான். நீரும் ஆகாது, காபனீரொட்சைட்டு அணைப்பானும் ஆகாது. பெயரில்லாத போத்தலை மணந்து பார்த்து அடையாளம் காண முயல வேண்டாம். "அறியப்படாதது" என்று லேபல் ஒட்டி ஒதுக்கி வையுங்கள்.

வெள்ளம் வரும் இடங்களில் ஒரு சிக்கல் உண்டு. பாரமான அமிலப் போத்தல் கண்மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பொது விதி. 2011 ஜனவரி போன்ற வெள்ளத்தில் கீழ்த்தட்டுத்தான் முதலில் மூழ்கும். அமிலத்தை மேல் தட்டுக்கு ஏற்றுவது இதற்குத் தீர்வல்ல. அலுமாரியையே சீமெந்துக் கல் அடுக்கி, சுவரிலுள்ள பழைய வெள்ளக் கறைக்கு மேலாக, ஆடாமல் நிறுத்த வேண்டும். அப்போது அமிலம் கீழ்த்தட்டிலேயே இருக்கலாம். சோடியமும் கல்சியம் காபைட்டும் தனித்தனியே இறுக மூடிய கொள்கலனில், நீர் எட்டாத வேறு அலுமாரியில் இருக்கட்டும்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்த ஆசிரியரும் கடைசியில் முட்டி நிற்கும் இடம் ஒன்றுண்டு: கழிக்க வேண்டியதை என்ன செய்வது? பதிவிலிருந்து நீக்கினால் கணக்காய்வில் கேள்வி வரும் என்ற பயத்தில் ஆண்டுக்கணக்காக அதே தட்டில் விட்டுவிடுகிறார்கள். இல்லாவிட்டால் தொட்டியில் ஊற்றிவிடுகிறார்கள். எமது மணல் நிலத்தில் தொட்டிக் குழாய் போய்ச் சேருவது ஊறுகுழிக்கு. அங்கிருந்து கிணற்றுக்கு அதிக தூரமில்லை. இரசமும் (பாதரசம்) குரோமேற்றும் அந்தத் தண்ணீரில் சேர்ந்தால் எடுக்க வழியில்லை. ஆபத்தான கழிவை அகற்ற மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் பெற்றவர்கள் வேண்டும் என்பது 2008ஆம் ஆண்டிலிருந்தே ஒழுங்குவிதியில் இருக்கிறது. ஒரு பாடசாலை அரை லீற்றர் கழிவுக்காக அவர்களைத் தனியே அழைக்க முடியாது.

ஆகவே மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் வலயக் கல்வி அலுவலகங்களிடம் கேட்பது இதுதான். ஒவ்வொரு பாடசாலையிடமிருந்தும் கழிக்க வேண்டியவற்றின் பட்டியலைப் புரட்டாதி முடிவதற்குள் பெறுங்கள். நீக்குவதற்கான அனுமதியை எழுத்தில் கொடுங்கள். வலயம் முழுவதற்கும் ஒரே தடவையில் அனுமதிப்பத்திரம் உள்ளோரைக் கொண்டு அகற்றுங்கள். அடுத்த கொள்வனவில் 2.5 லீற்றர் போத்தலுக்குப் பதிலாக 500 மி.லீ போத்தலை வாங்க அனுமதியுங்கள். லீற்றருக்கு விலை கூடினாலும், மிஞ்சியதைக் கழிக்கும் செலவு அதைவிடக் கூட.

இப்படிக்கு,
உயர்தர இரசாயனவியல் ஆசிரியர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி