பிள்ளைகள் கையில் நன்றி அட்டை எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இதழில், அரசுப் பள்ளி ஒன்றுக்கு ஒரு நிறுவனம் 'கருணையோடு' கழிப்பறை கட்டித் தந்த செய்தியைப் படித்தேன். கூடவே ஒரு படம். சின்னஞ்சிறு பெண் பிள்ளைகள் வரிசையாக நின்று, நிறுவனத்தின் சின்னம் போட்ட நன்றி அட்டைகளைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அந்தப் படம் இரண்டு நாளாக மனசை விட்டுப் போகவில்லை. அப்படி ஒரு வரிசையில் என் பிள்ளைகளை நானே நிறுத்தியிருக்கிறேன்.

அப்போது பழைய வேலூர் மாவட்டத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்தேன். ஒரு நிறுவனம் பெண் பிள்ளைகளுக்கு நான்கு அறைகளோடு கழிப்பறை கட்டிக் கொடுத்தது. திறப்பு விழா காலை 10 மணிக்கு என்றார்கள். கார்கள் வந்து சேரும்போது மணி பன்னிரண்டரை. அதுவரை ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் வாசலில் வெயிலில் நின்றன. ஆரத்தித் தட்டு வைத்திருந்த பிள்ளை மயங்கி விழுந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்து, வேப்ப மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு, தட்டை இன்னொரு பிள்ளையிடம் கொடுத்தேன். இன்றைக்கும் எனக்கு உறுத்துவது அதுதான். வரிசையைக் கலைத்து வகுப்புக்கு அனுப்பியிருக்க வேண்டும். பணம் கொடுத்தவர்கள் கோபித்துக்கொள்வார்களோ என்று பயந்தேன்.

ரிப்பன் வெட்டி, படம் எடுத்து, அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டார்கள். மேலே தண்ணீர்த் தொட்டி இருந்தது. ஏற்றுவதற்கு மோட்டார் இல்லை. "எஸ்டிமேட்டில் அது இல்லையே டீச்சர்" என்றார் கான்ட்ராக்டர். நிறுவனத்துக்கு மூன்று கடிதம் போட்டேன், பதில் வரவில்லை. இரண்டு மாதம் அடிபம்பிலிருந்து பிள்ளைகளே வாளியில் தண்ணீர் சுமந்தார்கள். நாற்றம் தாங்காமல் அப்புறம் பூட்டிவிட்டோம். பெரிய பிள்ளைகள் பழையபடி மதியம்வரை அடக்கிக்கொண்டு, சாப்பாட்டு மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடினார்கள். மாதத்தில் மூன்று நாள் பள்ளிக்கே வரவில்லை.

எங்கள் பள்ளியில் மட்டும் நடந்த கதை என்றால் எழுதியிருக்க மாட்டேன். 2014-க்குப் பிறகு மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் சுமார் 1.4 லட்சம் கழிப்பறைகள் கட்டின. அவற்றில் 15 மாநிலங்களில் 2,695-ஐத் தேர்ந்தெடுத்து தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் ஆட்கள் நேரில் போய்ப் பார்த்தார்கள். கட்டியதாகச் சொல்லப்பட்ட 200 கழிப்பறைகள் அந்த இடத்திலேயே இல்லை. இருந்தவற்றில் 72 சதவீதத்தில் உள்ளே குழாய்த் தண்ணீர் கிடையாது. 2020-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கை இது. படித்தபோது எங்கள் பூட்டிய கதவுதான் கண் முன்னால் வந்தது.

சரி, இதில் கருணை எங்கே வந்தது? 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு தெளிவாகவே சொல்கிறது. ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொட்டாலோ, விற்றுமுதல் 1,000 கோடியைத் தொட்டாலோ, நிகர மதிப்பு 500 கோடியைத் தொட்டாலோ, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட்டே ஆக வேண்டும். செலவிடாமலும், உரிய நிதிக்கு மாற்றாமலும் விட்டால் 2021 முதல் அபராதமும் உண்டு. சட்டப்படி கட்ட வேண்டிய பணத்தைக் கட்டுகிறவருக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளை ஏன் ஆரத்தி எடுக்க வேண்டும்?

எங்கள் பக்கத்தில் இது இன்னும் வலிக்கும். தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றங்கரைக் கிணறுகள் கெட்ட வழக்கில், கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொன்னது. தண்ணீரைக் கெடுத்த ஓர் ஆலை அதே ஊருக்கு ஆர்.ஓ. மெஷின் கொடுத்தால், அதை ஈடு என்று சொல்லிக் கொடுக்கட்டும். அன்பளிப்பு என்று பலகை வைக்கக் கூடாது.

எல்லா நிறுவனங்களையும் சேர்த்துச் சொல்லவில்லை. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு ஒரு நிறுவனம் மோட்டாரும் போட்டு, சுத்தம் செய்யும் அம்மாவுக்கு மூன்று வருஷம் சம்பளமும் கொடுத்தது. மாதம் ஒருமுறை ஒருவர் வந்து, குழாயைத் திறந்து பார்த்துவிட்டுப் போவார். விழா எதுவும் நடக்கவில்லை. அந்தக் கழிப்பறை இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.

விதியில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. 1 கோடி ரூபாயோ அதற்கு மேலோ ஆகும் திட்டங்களுக்குத்தான், அதுவும் பெரிய நிறுவனங்களுக்கு மட்டும்தான், வெளியாளை வைத்துப் பலனை மதிப்பிடுவது கட்டாயம். சில லட்ச ரூபாய்க் கழிப்பறையை யாரும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. குறைந்தபட்சம், ஓராண்டு கழித்துத் தலைமை ஆசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள தாய்மார்களும் எழுதித் தரும் அறிக்கையையாவது கட்டாயமாக்க வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் நன்றி அட்டையோடு நிற்கும் படங்களை இனி வெளியிடாதீர்கள். சென்ற வாரம் எழுதிய அந்தப் பள்ளிக்கு அடுத்த ஆண்டு இதே மாதம் உங்கள் நிருபரை அனுப்பி, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை,
ராணிப்பேட்டை மாவட்டம்.