லயத்தில் கராஜ் எங்கே இருக்கிறது, ஐயா?

மண்டபப் பராமரிப்புக் குழுவின் தலைவர் ஐயாவுக்கும், செயலாளர் அண்ணனுக்கும், பொருளாளருக்கும், மற்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் முதல் சனிக்கிழமை இரவு எட்டு நாற்பதுக்கு நடந்ததை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மெயின் சுவிட்சை இறக்கியவர் உங்களில் ஒருவர். இருட்டில் நின்றவர்கள் நாங்கள், மாதத்தின் முதல் சனிக்கிழமை மண்டபத்தில் கூடிக் கராஜ் பாட்டு என்ற பழைய ராக் இசையைக் கேட்டும் வாசித்தும் பழகுகிற கூட்டம். முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருந்தவர்கள் லயத்துப் பிள்ளைகள், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின் பிள்ளைகள், பதினாலு பேர். அன்றைக்குப் போட்ட பூட்டு இன்னும் திறக்கவில்லை. மூன்று தடவை நேரில் வந்தேன். வாட்சாப்பில் எழுதினேன், நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை. அதனால்தான் ஊர் பார்க்க இந்த மடல். கோபித்துக்கொள்ளக் கூடாது.

கேட்பது ஒன்றுதான். மாதத்தின் முதல் சனிக்கிழமை, மாலை ஏழு முதல் இரவு பத்து வரை, மண்டபத்தைப் பழையபடி எங்களுக்குத் திறந்துவிடுங்கள்.

அன்று இருட்டில் ஒரு குரல் கேட்டது. "கராஜ் பாட்டுன்னா கராஜ்ல போய் பாடுங்கப்பா, மண்டபத்துல உங்களுக்கு என்ன வேலை?" குரல் யாருடையது என்று தெரியும், பெயர் வேண்டாம். நல்ல பகடிதான், நானே சிரித்துவிட்டேன். ஆனால் நம்ம லயத்தில் கராஜ் எங்கே இருக்கிறது, ஐயா? எங்கள் அப்பாவின் சைக்கிள் திண்ணையில் சாய்ந்து நிற்கும், பெரிய மழை என்றால் அடுப்படிக்குள் வந்துவிடும். அறுபதுகளில் அமெரிக்கப் பையன்கள் வீட்டுக் கார் கொட்டகையில் கித்தாரும் டிரம்மும் வைத்து அடித்துப் பழகினார்கள், அதனால் அந்த இசைக்குப் பின்னாளில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நமக்குத் தெரிந்த கொட்டகை, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகை ஒன்றுதான். அதையும் இடித்துச் செம்பனை நட்டாயிற்று. மிச்சம் இருப்பது இந்த மண்டபம். இதன் கூரைக்கு எங்கள் அப்பா மாதம் இரண்டு வெள்ளி சம்பளத்தில் பிடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர். உங்கள் அப்பாமாரும் போட்டார்கள்.

சும்மாவும் நாங்கள் வரவில்லை. மாதம் 50 வெள்ளி வாடகை, ரசீதோடு. அடுத்த மூன்று மாதத்துக்குக் கட்டிய 150 வெள்ளி இன்னும் உங்கள் கணக்கில்தான் இருக்கிறது. பணத்தைக் கேட்கவில்லை, சனிக்கிழமையைக் கேட்கிறேன்.

உள்ளே என்னதான் செய்கிறார்கள் என்று சிலருக்குச் சந்தேகமாம். சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஒரு குழுவின் இசையைக் கொண்டுவர வேண்டும், ஒரு கவர் பாட்டு, அதாவது இன்னொருவர் பாட்டை அந்தக் குழு திரும்பப் பாடியது, ஒரு வீடியோ. அந்தக் குழு எந்த ஊர், அசல் பாட்டு யாருடையது என்று சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும். பிறகு சண்டை. அமெரிக்கக் குழு சோனிக்ஸ் பெரிசா இங்கிலாந்துக் குழு கிங்க்ஸ் பெரிசா என்று நள்ளிரவு வரை வாட்சாப்பில் தொடரும் சண்டை. எங்களில் மூத்தவர் ரிட்டையரான வயர்மேன் மாமா. பினாங்கு லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் பொறுக்கிய இசைத்தட்டுகளை மைலோ பெட்டியில் அடுக்கி மோட்டாரில் கட்டிக்கொண்டு வருவார். 1961இல் இங்கிலாந்துப் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் அவருடைய ஷாடோஸ் குழுவும் சிங்கப்பூரில் வந்து வாசித்துவிட்டுப் போன பிறகு, இந்தப் பக்கத்துக் கம்போங் பையன்களெல்லாம் கித்தார் தூக்கினார்கள், 'குகிரான்' என்று குழு கட்டினார்கள், 'பாப் யே யே' என்ற மலாய்ப் பாட்டு வகை பிறந்தது. மாமா அப்போது அரைக்கால்சட்டைப் பையன். ஓட்டல் ரேடியோவை வெளியே நின்று கேட்டவர். அவருக்கு இது வெளிநாட்டு இசை இல்லை, சின்ன வயது.

அன்று ஓடிக்கொண்டிருந்தது ஒயிட் ஸ்டிரைப்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் 2002ஆம் ஆண்டு வீடியோ. குழுவில் இரண்டே பேர், ஒரு கித்தார், ஒரு டிரம். மிஷேல் கோந்த்ரி என்ற இயக்குநர் முழுக்க லேகோ கட்டைகளை வைத்துப் படம் படமாக நகர்த்தி எடுத்தது. பிள்ளைகள் மூன்று தடவை போடச் சொன்னார்கள். நாலாம் தடவை பாதியில்தான் நீங்கள் சுவிட்சை இறக்கினீர்கள். இதுதான் கலாசாரச் சீர்கேடு என்றால், அந்தச் சீர்கேட்டின் விளைவையும் கேளுங்கள். அடுத்த நாளே நாலு பிள்ளைகள் சோடா மூடி பொறுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பழைய கைப்பேசியைச் செங்கல் மேல் நிறுத்தி, மூடிகளை ஒவ்வொரு விரற்கடையாக நகர்த்தி, இரண்டு வாரத்தில் 140 படம் எடுத்திருக்கிறார்கள். வினாடிக்கு 12 படம் என்று ஓட்டினால் பன்னிரண்டு வினாடிகூட வரவில்லை. அந்தப் பன்னிரண்டு வினாடியைப் பெரிய சுவரில் பார்க்க அவர்கள் காத்திருக்கிறார்கள். "மண்டபம் எப்போ திறக்கும் அண்ணே?" என்று என்னைக் கேட்கிறார்கள். நான் உங்களைக் கேட்கிறேன்.

"என்ன பாடுறாங்கன்னே புரியல, கெட்ட வார்த்தையாத்தான் இருக்கும்" என்றும் கூட்டத்தில் பேசினீர்களாம். இது நமக்கு முன்னாலேயே நடந்த கதை. ரிச்சர்ட் பெர்ரி 1957இல் வெளியிட்ட 'லூயி லூயி' பாட்டை 1963இல் போர்ட்லாந்து நகரத்துக் கிங்ஸ்மென் குழு கவர் செய்தது. மைக்கை உயரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள், பாடியவர் அண்ணாந்து கத்தினார், ஒரு சொல்லும் விளங்கவில்லை. விளங்காததால் ஆபாசம் என்று புகார் போனது. அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ இரண்டு ஆண்டுக்கு மேல் விசாரித்தது. இசைத்தட்டை வேகமாகவும் மெதுவாகவும் ஓட்டிப் பார்த்து, எந்த வேகத்திலும் புரியவில்லை என்று எழுதிக் கோப்பை மூடியது. அசல் பாட்டில் இருப்பது என்ன தெரியுமா? கப்பல்காரன் ஒருவன், ஜமைக்காவில் தனக்காகக் காத்திருக்கும் பெண்ணை நினைத்து மதுக்கடைக்காரனிடம் புலம்புகிறான். நாகப்பட்டினத்தில் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு ரஜூலா கப்பல் ஏறிய பாட்டனுக்குப் பேரன்கள் நாம். நமக்கா இது புரியாத சங்கதி? எஃப்பிஐயாவது இரண்டு ஆண்டு எடுத்துக்கொண்டது. நீங்கள் ஒரே சுவிட்சில் தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள்.

எங்கள் மேல் தப்பே இல்லை என்று சொல்லவில்லை. பஜனைக் குழுவின் ஹார்மோனியத்தைக் கேட்காமல் எடுத்தோம். அது தப்புதான். அன்றே மன்னிப்புக் கேட்டோம், இங்கேயும் கேட்கிறேன். எதற்கு எடுத்தோம் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். '96 டியர்ஸ்' என்று ஒரு பாட்டு, 1966 அக்டோபரில் அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. அதன் உயிரே ஆர்கன் வாசிப்புதான், நம்மிடம் ஆர்கன் இல்லை. பாடியவர் தன் பெயரையே கேள்விக்குறி என்று வைத்துக்கொண்டவர், வெறும் குறி, எழுத்துக் கிடையாது. அந்தக் குழுவில் இருந்தவர்கள் பண்ணை வேலைக்குக் குடிபெயர்ந்த மெக்சிகோக் குடும்பங்களின் பிள்ளைகள். அடுத்தவன் காட்டில் அறுத்துப் பொறுக்கிய கூலிக்காரன் பிள்ளை நாட்டுக்கே முதல் பாட்டைக் கொடுத்தான் என்று மாமா சொன்னபோது, எங்கள் கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அதை வாசித்துப் பார்க்க ஆசைப்பட்டோம். தேவாரம் பாடும் பெட்டியில் பேய்ப் பாட்டா என்றீர்கள். பேயெல்லாம் இல்லை, ஐயா. விட்டுப்போனவளை நினைத்து அழுகிறவன் பாட்டு அது.

இப்போது எனக்கு உண்மையில் வயிறு எரிகிற விஷயத்துக்கு வருகிறேன். டிரம் செட்.

அது மண்டபத்து ஸ்டோரில் இருக்கிறது. பூட்டும்போது உள்ளே மாட்டிக்கொண்டது. ஐந்து பேர் காசு போட்டு 640 வெள்ளிக்குப் பழசாக வாங்கினது. அதில் 200 வெள்ளி எங்கள் டிரம்மர் தங்கச்சியுடையது. கையுறைத் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர வேலை பார்க்கிற பெண். சனிக்கிழமை லீவு எல்லா வாரமும் கிடைக்காது, முதல் சனிக்கிழமைக்காகவே கூட வேலை செய்யும் தோழிகளிடம் ஷிப்ட் மாற்றிக் கெஞ்சி வாங்குவாள். பூட்டுப் போட்ட மறு வாரம் நானும் அவளும் சாவி கேட்டுப் போனோம். தலைவர் வீட்டில், செயலாளரிடம் இருக்கிறது என்றார்கள். செயலாளர் வீட்டில், அவர் பட்டர்வொர்த் போய்விட்டார், ஸ்டோர் சாவி பொருளாளரிடம் என்றார்கள். பொருளாளர் எங்களை வாசலில் நிற்கவைத்து, தலைவர் சொல்லாமல் தரமுடியாது என்றார். ஒரு வட்டம் சுற்றி முடித்தபோது இரவு மணி ஒன்பது. அவளுக்கு விடியற்காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ்.

திரும்பும் வழியில் ஸ்டோர் சன்னல் கண்ணாடிப் பட்டை ஒன்று உடைந்திருந்த இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தோம். பேஸ் டிரம்மைக் கவிழ்த்து அதன் மேல் அன்னதான அண்டாவை ஏற்றியிருக்கிறார்கள். அண்டாவுக்குள் வெங்காய மூட்டை. தோல் நடுவில் குழி விழுந்திருந்தது. ஸ்நேர் டிரம் மேல் யாரோ குடித்துவிட்டு வைத்த தே தாரிக் பிளாஸ்டிக் பை, அதன் அடியில் வட்டமாகக் கறை. சிம்பல் தரையில் கிடந்தது, பச்சை பூக்க ஆரம்பித்துவிட்டது. தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டு, "கீழ ஒரு பலகையாச்சும் வச்சிருக்கலாம் அண்ணே, சிமெண்டுல ஈரம் ஏறும்" என்றாள். இப்போது பஸ் நிறுத்தத்து பெஞ்சில் தன் செருப்பு ஜோடியைக் கவிழ்த்து வைத்து, குச்சியால் அடித்துக் கையை விடாமல் பழகுகிறாள். பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பெண்பிள்ளைக்கு எதற்கு இது என்று கேட்டவர்களும் உண்டு, அவர்களில் இருவர் உங்கள் குழுவில் இருக்கிறார்கள்.

சத்தம் என்கிறீர்கள். சத்தம்தான், ஒத்துக்கொள்கிறேன். 1964இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் கரகரப்பு வேண்டும் என்று ஸ்பீக்கரைப் பிளேடால் கிழித்தாராம். எங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை, எங்கள் ஸ்பீக்கரை எலி முன்னாலேயே கடித்துவிட்டது. ஆனால் இதே மண்டபத்தில் பிறந்தநாள் கரோக்கே ராத்திரி ஒரு மணி வரை போகிறது. உறுமி மேளப் போட்டிக்கு ஓடு அதிர்ந்தது, எனக்கும் பிடித்திருந்தது, மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்று பார்த்தேன். அன்று யார் சுவிட்சைத் தொட்டார்கள்? பினாங்கு அலிகேட்ஸ் குழுவின் அண்ணன் தம்பிகள் மலாய்ப் பாட்டுப் பாடி நாடே கொண்டாடியபோது நம்ம பிள்ளைகள் என்று நெஞ்சை நிமிர்த்தினோம். யோகி பி, நட்சத்ரா குழுவின் தமிழ் ராப் பாட்டு இல்லாமல் இன்று நம்ம ஊர்க் கல்யாணம் முடிவதில்லை. பேர் வாங்கிய பிறகு நம்ம பிள்ளை, அதற்கு முன்னால் உருப்படாத பிள்ளை. 1992இல் நீளமுடி ராக் பாடகர்களை அரசாங்கத் தொலைக்காட்சியான ஆர்டிஎம் திரையில் காட்டமாட்டோம் என்றார்கள். அப்படி ஏதாவது பயம் என்றால் கவலை வேண்டாம், எங்கள் பேஸ் கித்தார்காரருக்கு முழு வழுக்கை.

தீபாவளி விருந்துக்கு வந்த பிரமுகர் இதே மேடையில் ஒன்றரை மணி நேரம் பேசினார். இளைஞர்கள் கேங்கில் சேருகிறார்கள், அவர்களுக்குக் களம் அமைத்துக் கொடுக்க வேண்டும் என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். அவர் பேசிய மைக் அன்று காலை வேலை செய்யவில்லை, மாமாதான் வயரைப் பற்றவைத்துக் கொடுத்தார். பந்தடிக்கிற திடல் வீடமைப்புக்குப் போனது. வாசக சாலை என்பது பூட்டிய ஓர் அலமாரி, அதன் சாவியும் யாரிடம் என்று தெரியாது. இந்த ஊரில் பூட்டு வாங்கத்தான் எப்போதும் காசு இருக்கிறது.

மன்னிக்கணும், எங்கேயோ போய்விட்டேன். கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

முதல் சனிக்கிழமை, ஏழு முதல் பத்து வரை. பத்துக்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் நீங்களே வந்து சுவிட்சை இறக்குங்கள், வாய் திறக்க மாட்டோம். தேர்வு மாதங்களில் டிரம் வேண்டாம் என்றால் சரி, வீடியோவும் இசைத்தட்டும் மட்டும் போடுகிறோம். கோவில் திருவிழா வந்தால் அந்த மாதம் எங்களுக்கு வேண்டாம். தண்ணி போட்டுவிட்டு வந்தவனை இதுவரை உள்ளே விட்டதில்லை, இனியும் விடமாட்டோம். கரண்டு பில்லில் எங்கள் பங்கு எவ்வளவு என்று சொன்னால் தனியாகக் கட்டுகிறோம். நாற்காலி அடுக்கி, கூட்டிப் பெருக்கிவிட்டுத்தான் போவோம், எப்போதும் போல.

அதுவரை பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. இந்த வாரத்திலேயே ஒரு நாள், அரை மணி நேரத்துக்கு, ஸ்டோரைத் திறந்து கொடுங்கள். டிரம்மை எடுத்துக்கொள்கிறோம். வெங்காய மூட்டையை நாங்களே இறக்கி, அண்டாவைக் கழுவித் துடைத்து, சுவரோரம் வைத்துவிட்டுப் போகிறோம். மாலை ஏழுக்கு மேல் என்றால் தங்கச்சியும் வரமுடியும்.

பணிவுடன்,
முதல் சனிக்கிழமைக் கூட்டத்தின் சார்பில், மூன்றாம் லயத்து ஆள் ஒருவன்

பின்குறிப்பு: ஹார்மோனியத்தில் மேல் கட்டை ஒன்று அமுக்கினால் எழும்பாமல் இருந்தது, நாங்கள் தொடுவதற்கு முன்னாலேயே. மாமா அன்று திறந்து பார்த்தார். உள்ளே கற்பூரத் தூளும் ஒரு பல்லி முட்டை ஓடும் இருந்தன. சுத்தம் செய்து வைத்திருக்கிறார், இப்போது எழும்புகிறது. பஜனைக் குழுவிடம் சொல்லிவிடுங்கள்.