பரணுக்கு மரம் பார்ப்பது

விஸ்கான்சின், அமெரிக்கா
செப்டம்பர்

அன்புள்ள நைனாவுக்கு,

இங்கே நலம். காசிமேட்டில் எல்லோரும் நலமா? மான் வேட்டைக்குப் பரண் கட்ட எப்படி இடம் பார்ப்பார்கள் என்று கேட்டிருந்தீர்கள். நம்மூரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டையே குற்றம். இங்கே லைசென்ஸ் எடுத்து, சீசனில் வேட்டையாடலாம்.

முதலில் பார்க்க வேண்டியது காற்று. நம் வாடை வெள்ளைவால் மானுக்கு எட்டிவிட்டால் அன்றைய வேட்டை முடிந்தது. பகலில் அது அடர்ந்த புதரில் படுத்திருக்கும், அந்தியில் மேய வரும். படுக்கும் இடத்துக்கும் மேயும் இடத்துக்கும் நடுவே அது நடக்கும் தடத்திலிருந்து நம் பக்கம் காற்று அடிக்க வேண்டும். நவம்பரில் வடமேற்குக் காற்று அதிகம் என்பதால் தடத்துக்குத் தென்கிழக்கே மரம் பார்ப்பார்கள். காற்று மாறிய நாளில் அந்த மரத்தில் ஏறவே கூடாது. வேறு காற்றுக்கு இன்னொரு பரண் வேண்டும்.

சரிவு நிலத்தில் இன்னொரு கணக்கு உண்டு. நம் கடற்காற்றும் கரைக்காற்றும் மாறுவது போல, வெயில் ஏறியதும் காற்று சரிவில் மேலே போகும், மாலையில் குளிர்ந்து பள்ளத்தில் இறங்கும். அதனால் வெயில் பட்ட பிறகு தடத்துக்கு மேலேயும், மாலையில் கீழேயும் உட்கார வேண்டும்.

இரண்டு தோப்புகள் ஒடுங்கிச் சேரும் இடமும் ஓடையைத் தாண்டும் துறையும் நல்லவை. மான் கொம்பு தேய்த்துப் பட்டை உரிந்த மரம், குளம்பால் கீறிய மண், அது விரும்பித் தின்னும் வெள்ளை ஓக் கொட்டை உதிரும் இடம் ஆகியவற்றையும் பார்ப்பார்கள். ஆனால் எவ்வளவு நல்ல தடமாக இருந்தாலும், அதைக் குறுக்கே மிதிக்காமல் போய்ச் சேர வழியில்லாத மரம் வேண்டாம் என்பேன். பலருடைய வேட்டை கெடுவது இந்த நடையில்தான்.

வில் என்றால் தடத்திலிருந்து 15 முதல் 20 மீட்டர் தூரம், 5 அல்லது 6 மீட்டர் உயரம் போதும். அதற்கு மேல் ஏறினால் அம்பு செங்குத்தாக இறங்கி ஒரு நுரையீரலை மட்டும் துளைக்கும். மான் காயத்தோடு வெகுதூரம் ஓடி, கிடைக்காமலே சாகும். அது பாவம். முதுகுக்குப் பின்னால் பருத்த அடிமரம் இருந்தால் நம் உருவம் வானத்தில் தெரியாது. மாலைப் பரண் மேற்கே பார்த்தால் கண் கூசும்.

அம்மா பயப்படுவார்கள், சொல்லிவிடுங்கள்: தரையை விட்டுக் கால் எடுக்கும்போதே ஹார்னஸை (விழாமலிருக்க உடம்பில் கட்டும் வார்) மரத்தில் கட்டிய கயிற்றில் மாட்டிவிட வேண்டும். வில்லைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறக் கூடாது, மேலே போன பிறகு கயிற்றால் இழுக்க வேண்டும். பரணை மரத்தோடு இறுக்கிப் பிடிக்கும் நாடாப் பட்டைகள் வெயிலில் இற்றுப்போகும், மரமும் பருத்து அவற்றை இறுக்கும். ஆகவே சீசன் முடிந்ததும் தளர்த்தி, அடுத்த ஆண்டு புதிதாக மாட்டுவது நல்லது. அரசு நிலத்தில் மரத்தில் ஆணியோ திருகோ அடிக்க அனுமதியில்லை.

அன்புடன்,
உங்கள் மகன்