138 நாள் கணக்கு

டாண்டினாங், மெல்பர்ன்
13 ஜூலை 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே நல்ல குளிர். காலை ஏழரைக்கு ஸ்டேஷனுக்கு நடக்கும்போது வாயைத் திறந்தால் இட்லிப் பானை மாதிரி ஆவி வருகிறது.

போன ஞாயிறு போனில், “வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம் ஆகுது, இன்னும் சீசன் எடுக்கலையா?” என்று நீங்கள் கேட்ட தொனி இன்னும் காதில் இருக்கிறது. செங்கல்பட்டிலிருந்து பீச் ஸ்டேஷன் வரை முப்பது வருஷம் சீசன் டிக்கெட்டில் போய்வந்தவர் நீங்கள். மூன்று மாதத்துக்கு எடுத்தால் 2.7 மாதக் காசுதான் என்று எனக்குப் பத்து வயதிலேயே பாடம் எடுத்தவர். உங்கள் மகள் தினமும் காசு கொடுத்துப் போகிறாள் என்றால் வருத்தமாகத்தான் இருக்கும். போனில் விளக்க ஆரம்பித்தால் நடுவில் அம்மா “சாப்டியா” என்பாள், கணக்கு கலைந்துவிடும். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் என் வழி. டாண்டினாங்கில் ரயில் ஏறினால் பிளிண்டர்ஸ் ஸ்ட்ரீட்டுக்கு முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. வழியில் பல இடங்களில் தண்டவாளத்தைத் தூண்மேல் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். கீழே எல்லார் வீட்டுக் கொல்லையும் கொடியில் காயும் துணியும் தெரியும். இறங்கி, ஸ்டேஷன் எதிரே டிராம் பிடித்து செயின்ட் கில்டா ரோட்டில் என் அலுவலகம். மதராஸில் டிராம் ஓடியதைத் தாத்தா சொல்வாரே, அதேதான். நம் ஊரில் 1953இல் மூடிவிட்டார்கள். இவர்கள் மூடாமல் வைத்துக்கொண்டு உலகத்திலேயே பெரிய டிராம் ஊராக இருக்கிறார்கள். மணிகூட அடிக்கும், டிங் டிங் என்று.

இரண்டுக்கும் ஒரே அட்டைதான், பெயர் மைக்கி. நம் சீசன் மாதிரி இங்கிருந்து அங்கே என்று ஊர் பெயர் எழுதியிருக்காது. உங்களுக்குத் தலை சுற்றப்போகும் இடம் இதுதான்: தூரத்துக்குக் கிட்டத்தட்ட மதிப்பே இல்லை. டாண்டினாங் இரண்டாவது ஸோன், ஆனால் நகரத்துக்கு இரண்டு ஸ்டேஷன் தள்ளி இருப்பவரும் நானும் கொடுப்பது ஒரே காசு. 2015இலிருந்து அப்படித்தான். இரண்டு மணி நேரத்துக்கு 5.50 டாலர், வார நாளில் எவ்வளவு சுற்றினாலும் ஒரு நாளைக்கு 11 டாலர். அம்மாவிடம் ரூபாயில் சொல்லாதீர்கள், அறுநூறைத் தாண்டும். காலையில் 7.40க்கு அட்டையை மெஷினில் தொட்டால் எட்டிலிருந்து கணக்கு வைத்துப் பத்து மணி வரை செல்லும். டிராம் அதற்குள் வந்துவிடுவதால் அதற்குத் தனிக்காசு கிடையாது.

ஓசியும் உண்டு. ஊர் நடுவில் டிராம் இலவசம், ஆனால் என் அலுவலகம் அந்த எல்லைக்கு வெளியே. எல்லை முடியும் இடத்தில் டிராமே அறிவிப்பு செய்யும், எல்லாரும் அவசரமாகப் பையைத் துழாவுவார்கள். இன்னொன்று, வார நாளில் காலை 7.15க்குள் ரயிலை விட்டு இறங்கி அட்டையைத் தொட்டுவிட்டால் அந்த ரயில் பயணம் இலவசம். பக்கத்து வீட்டு அக்கா அப்படித்தான் போகிறார். அதைப் பார்த்து நானும் ஒரு வாரம் ஆறேகால் ரயில் பிடித்தேன். ரயில் இலவசம், சரி. ஆனால் டிராமில் ஏறினால் 5.50 பிடித்துக்கொள்கிறான்! மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் அந்த இருட்டிலும் காற்றிலும் நடக்க வேண்டும். மூன்று நாள் நடந்தேன், நாலாவது நாள் மூக்கு ஒழுக ஆரம்பித்தது. வாங்கிய மாத்திரைக்கே அந்தக் காசு போயிற்று.

இனி சீசன். இங்கே பாஸ் என்கிறார்கள். ஏழு நாள் பாஸ் 55 டாலர், அதாவது ஐந்து நாள் காசு. வாரம் ஐந்து நாளும் போனால்தான் சனி, ஞாயிறு சும்மா கிடைக்கும். அடுத்தது 28 நாளும் அதற்கு மேலும். அதில் ஒரு நாளைக்கு 6.60 வீதம். 28 நாளுக்கு 184.80. இதை 11ஆல் வகுத்தால் 16.8 வருகிறது. ஆக, 28 நாளில் 17 நாள் வேலைக்குப் போனால் பாஸ் லாபம். 16 நாள் போனால் நஷ்டம்.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டது. எனக்கு வாரத்தில் நாலு நாள்தான் அலுவலகம், வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்தே வேலை. நாலு வாரத்துக்குப் பதினாறு நாள். ஒரே ஒரு நாள் குறைகிறது! வார இறுதியில் கட்டணம் குறைவு, அதனால் இரண்டு நாள் வெளியே போனால் சரியாகிவிடும், ஆனால் கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்கு நான் போவது தோழி காரில்.

இதையெல்லாம் யோசிக்காமல் வந்த புதிதில் ஒரு பாஸ் வாங்கினேன், உங்களிடம் சொல்லவில்லை. போன டிசம்பர் நடுவில், அப்போதைய விலையில் 178 டாலர். அடுத்த வாரமே கிறிஸ்துமஸுக்கு அலுவலகத்தை மூடிவிட்டார்கள், இரண்டு வாரம். முதல் தடவை தொட்ட நாளிலிருந்து பாஸ் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. நான் வீட்டில் உட்கார்ந்து வடாம் பொரித்துச் சாப்பிட்டேன், அது மேசைமேல் கிடந்து தீர்ந்தது. அதற்குப் பிறகு காசு போட்டுவைத்துப் போகப் போகக் கழித்துக்கொள்ளும் வழிக்கு வந்துவிட்டேன். ஆகவே இந்த ஆறு மாதமாகச் சீசன் எடுக்காதது சோம்பலால் அல்ல, கணக்குப் பார்த்துத்தான்.

இப்போது கணக்கு மாறுகிறது. ஆகஸ்டிலிருந்து வாரத்தில் ஐந்து நாளும் வர வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. ஆக, பாஸ் வாங்கத்தான் வேண்டும். எத்தனை நாளுக்கு என்பதுதான் கேள்வி.

வருஷத்துக்கு எடுத்தால் 325 நாளுக்குத்தான் காசு, மீதி 40 நாள் இலவசம். மொத்தம் 2145 டாலர். நீங்களாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் எடுப்பீர்கள். ஜனவரி முதல் தேதி கட்டணம் ஏறினாலும் இதைப் பாதிக்காது. ஆனால் கிறிஸ்துமஸ் மூடல் இரண்டு வாரம் வருகிறது. அதை ஒட்டி லீவு கேட்டிருக்கிறேன், பொங்கலுக்கு அங்கே இருப்பேன். (கிடைத்துவிட்டது. இதை அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள்.) ஐந்து வாரத்துக்கு மேல் ஊரில் இருந்துகொண்டு இங்கே பாஸைத் தேயவிட எனக்கு மனசில்லை. இலவசம் என்று கொடுக்கும் 40 நாளை நானே தொலைத்த மாதிரி ஆகும்.

இந்த ஊர் பாஸில் எனக்குப் பிடித்த ஒன்று, 28க்கு மேல் எத்தனை நாள் வேண்டும் என்று நாமே எண்ணைச் சொல்லலாம். ஒரு மாதம், மூன்று மாதம் என்று கட்டாயம் இல்லை. ஆகஸ்ட் 4 திங்கட்கிழமை ஆரம்பித்து டிசம்பர் 19 வெள்ளி வரை எண்ணினேன். சரியாக 138 நாள். 138ஐ 6.60ஆல் பெருக்கினால் 910.80.

பாஸ் இல்லாமல் போனால்? அதற்குள் 20 வாரம், 100 வேலை நாள். இரண்டு அரசு விடுமுறையைக் கழிக்க வேண்டும். ஒன்று கால்பந்து இறுதி ஆட்டத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. இன்னொன்று நவம்பர் முதல் செவ்வாய், குதிரைப் பந்தயத்துக்காக! ரேஸுக்குப் போகிறவனைத் தாத்தா எப்படித் திட்டுவார், இங்கே ஊரே லீவு விட்டுவிட்டுப் பார்க்கிறது. மீதி 98 நாள், 1078 டாலர். ஆக 167.20 மிச்சம். சனி, ஞாயிறு சுற்றுவதை இதில் சேர்க்கவே இல்லை.

உங்கள் பழைய டைரியின் பின்பக்கத்தில் இதை ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஆகஸ்டுக்கு 31 நாள் என்பதை மறக்க வேண்டாம், முதல் தடவை நான் மறந்துவிட்டு 137 என்று போட்டேன். தப்பு இருந்தால் அடுத்த ஞாயிறு சொல்லுங்கள், பாஸை ஆகஸ்ட் 3 ராத்திரிதான் வாங்குவேன்.

அன்புடன்,
சுமதி