கன்னுக்குட்டி நிறம் மாறிடுச்சு, தம்பி

அன்பு மகன் சரவணனுக்கு அம்மா எழுதுறது. இங்க எல்லாரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது.

மேலத்தெரு மாரிமுத்து அண்ணன் மகன் லீவு முடிஞ்சு ஞாயித்துக்கிழமை சிங்கப்பூர் கிளம்புறான். அவன் கையில இந்தக் கடுதாசியும் ஒரு பாட்டில் நெய்யும் மோர் மிளகாயும் குடுத்து விடுறேன். நெய் சுட்டிப் பசுவோடது. சோத்துல போட்டுச் சாப்பிடு, அடுத்தவனுக்கே எல்லாத்தையும் குடுத்துடாதே. வேளைக்குச் சாப்பிடு.

சுட்டி போட்ட உம்பளச்சேரிக் காளங்கன்னு நல்லா வளர்ந்திருக்கு. நீ வீடியோவுல கடைசியா பார்த்தப்ப முழுச் செவலை. இப்ப முதுகு, விலாவெல்லாம் சாம்பல் ஓடிடுச்சு. நெத்தியில வெள்ளைச் சுட்டி அப்படியே தாய் மாதிரி. நாலு காலுலயும் வெள்ளை எறங்கியிருக்கு. தாத்தா இருந்திருந்தா பார்த்த உடனே இது நம்ம இனத்துல எந்த வழி, கணபதியான் மாடா, ஆட்டுக்காரன் மாடான்னு சொல்லியிருப்பார். உங்கப்பா கொம்பு தீய்க்கணும்னு சொன்னார். நான்தான் தடுத்தேன். இவன் சேத்துல ஏர் இழுக்கப் போறதில்லை, பசுவுக்கு விடுற பொலிகாளையா நிக்கப் போறவன், இவனுக்கு எதுக்குச் சூடு? அப்படியே இருக்கட்டும்னு விட்டாச்சு.

நீ போன தடவை வாய்ஸ்ல சொன்னதுக்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். காளங்கன்னை வித்துடுங்க, சுட்டியையும் வெள்ளைக்காலியையும் தள்ளிவிட்டுட்டு ஜெர்சி கலப்புல ரெண்டு வாங்குங்க, மாசா மாசம் பால் காசு வரும்னு சொல்லியிருந்தே. உங்கப்பா கேட்டுட்டு ஒண்ணும் பேசலை. துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு வயலுக்குப் போயிட்டார். அவர் அப்படிப் போனா என்னன்னு உனக்கே தெரியும்.

கணக்குத் தெரியாம இந்த மாட்டை வெச்சிருக்கோம்னு நினைக்காதே. சுட்டி ரெண்டு லிட்டர்தான் கறக்கும், அதுலயும் கன்னுக்கு விட்டுட்டுத்தான் நமக்கு. எனக்குத் தெரியாதா? ஆனா அதுக்கு நான் புண்ணாக்கு மூட்டை தூக்கினதில்லை. சம்பா அறுத்தா வைக்கோல், உளுந்து எடுத்ததும் வெறும் வயல், மத்த நாள் அடப்பாத்துக் கரைப் புல்லு. கோடையில கிடை போட்டா வயல்காரங்க நமக்குக் காசும் நெல்லும் குடுக்குறாங்க, அவங்க நிலத்துக்கு எருவும் ஆச்சு. பக்கத்து வீட்டுல ஜெர்சி வாங்கினாங்க. பால் வந்துச்சு, இல்லைன்னு சொல்லலை. சித்திரை வெயில்ல அது நாக்கைத் தள்ளிக்கிட்டு மூச்சு வாங்க, டாக்டரு வர, ஊசி போட, தவிடு, கலப்புத் தீவனம்னு வந்த காசு வந்த வழியே போச்சு. நல்லா வெச்சுக்கிறவங்களுக்கு அது சோறு போடும், நான் குத்தம் சொல்லலை. இந்த உப்புத் தண்ணிக்கும் முழங்கால் சேத்துக்கும் ஏத்தது நம்ம தெற்கத்தி மாடு, இந்த உம்பளச்சேரிதான். குட்டைக் கால், இறுகின குளம்பு. டிராக்டர் வர்ற வரைக்கும் இந்தக் கடைமடை பூரா இந்த மாடு உழுத உழவுலதான் விளைஞ்சுது.

இப்ப ஊர்ல என்ன நிலைமைன்னு உனக்குத் தெரியணும். கோயில் காளை செத்ததுக்கு அப்புறம் யாரும் நேர்ந்து விடலை. பொலிகாளைன்னு ஒண்ணு இல்லை. பசு கத்தினா சினை ஊசிக்காரருக்குப் போன் போடுறாங்க, அவர் பெட்டியில அன்னைக்கு என்ன இருக்கோ அதுதான். உம்பளச்சேரி ஊசியும் இருக்கு, ஆனா வாயைத் திறந்து கேட்டு வாங்கணும், யார் கேட்கிறா? ஜெர்சி ஊசி போட்டா பொறக்கிறது பாதி. அந்தக் கிடேரிக்கும் அதையே போட்டா அடுத்தது முக்கால். அப்புறம் சுட்டியும் கிடையாது, வெள்ளைக் காலும் கிடையாது. எல்லாரும் பசுவைத்தான் பாதுகாக்கணும்னு பேசுறாங்க. காளையை வித்துட்டாலே இனம் போயிடும் தம்பி. போன வாரம்கூடத் தரகர் வந்து இவனை மேலயும் கீழயும் பார்த்துட்டு விலை சொன்னார். எங்க கொண்டு போவீங்கன்னு கேட்டேன். சிரிச்சார். கேரளாவுக்குப் போற லாரின்னு எனக்குத் தெரியும்.

கொருக்கைப் பண்ணையில அரசாங்கம் வெச்சுப் பார்த்துக்குது, நமக்கென்னன்னு நீ சொல்லுவே. பண்ணை வேணும்தான். ஆனா எல்லா மாடும் ஒரே இடத்துல இருந்து ஒரு கோமாரி வந்தா என்ன ஆகும்? நாலு ஊர்ல நாலு வீட்டுல நிக்கணும். அதுலயும் ஒரே காளையை வெச்சுக்கிட்டு அது பெத்த கிடேரிக்கே விடக்கூடாது, கன்னு சூம்பிப் போகும். மூணு நாலு வருசத்துக்கு ஒரு தடவை ஊர் மாத்தணும். அதனால வாய்மேட்டு மாமாகிட்ட பேசினேன். ஆமா, நான்தான் பேசினேன். அன்னைக்கு நடந்ததை நான் மறக்கலை, அவரும் மறந்திருக்க மாட்டார். அங்க ரெண்டு நல்ல பசு இருக்கு. இவனை அங்க விடுறது, அவங்க வீட்டுக் காளங்கன்னு ஒண்ணை நாம வாங்கிக்கிறதுன்னு முடிவு. அத்தை உள்ளே கூப்பிட்டுக் காப்பி குடுத்தாங்க.

செல்விக்கு இது ஏழாம் மாசம். வளைகாப்புத் தேதி அப்புறம் சொல்றேன்.

எனக்கு உன்மேல வருத்தம் இருக்கு, சொல்லிடுறேன். 2017 தை மாசம் பரீட்சையை விட்டுட்டு மெரினாவுல போய் நின்னவன் நீ. நாட்டு மாடு அழியுதுன்னு நீ பேசினதைப் போன்ல கேட்டு உங்கப்பா தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சார். அடுத்த வருசம் கஜா அடிச்ச அன்னைக்கு, நவம்பர் 16 விடிகாலையில, கயித்தை அறுத்துவிட்டவனும் நீதான். விடிஞ்சதும் விழுந்து கிடந்த தென்னையெல்லாம் தாண்டித் தாண்டிப் போய் வெள்ளைக்காலியை ஓட்டிக்கிட்டு வந்தே. கட்டிப் போட்டிருந்த வீடுகள்ல கொட்டகை விழுந்து எத்தனை மாடு போச்சு. அந்தப் பிள்ளைதானா இப்ப வித்துடுங்கன்னு சொல்றதுன்னு எனக்கு ஆறலை.

இத்தனை வருசத்துல பால் காசைப் பத்தி நீ ஒரு வார்த்தை கேட்டதில்லை. வீட்டுக்கு மாசா மாசம் தனியா ஒரு வருமானம் வேணும்னு இப்ப எதுக்குச் சொல்றே? சரி, அதை விடு.

போன மாசப் பணம் வேற பேர்ல வந்துச்சு. பேங்க்குல கேட்டாங்க, என் மகனோட கூட்டாளின்னு சொன்னேன். வந்தது வந்துச்சு. அதைத் தொடலை, அப்படியே இருக்கு. இனிமே கொஞ்ச நாள் அனுப்பாட்டியும் இங்க ஒண்ணும் குறைஞ்சுடாது. நெல்லு பத்தாயத்துல இருக்கு. உளுந்து இருக்கு. கிடைக் காசு இருக்கு. கடன் கேட்டு யாரும் வாசல்ல நிக்கலை. இதை நல்லா மனசுல வெச்சுக்க, திரும்பவும் சொல்றேன், ஒண்ணும் குறைஞ்சுடாது.

வெள்ளைக்காலிக்கு ஒரு தடவை குளம்புல ஆணி ஏறினது உனக்கு ஞாபகம் இருக்கும். மத்த மாட்டுக்குப் பின்னாடி போய் நின்னுக்கிச்சு, நொண்டவும் இல்லை, கத்தவும் இல்லை. அசை போடலைன்னுதான் நான் கண்டுபிடிச்சேன். நீ அனுப்புற வாய்ஸை ராத்திரி திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறேன் தம்பி. நல்லா இருக்கேன், வேலை ஜாஸ்தி, கேமரா சரியில்லை, இதைத்தான் ஒவ்வொரு தடவையும் சொல்றே.

வேலை செய்யற இடத்துல பார்த்து இரு. உயரத்துல ஏறும்போது பெல்ட்டு போட்டுக்க. தூக்கம் இல்லாம ஓவர்டைம் பார்க்காதே. வேளைக்குச் சாப்பிடு. ஊருக்கு வரணும்னு தோணினா எந்த நேரமும் வா, காரணம் கேட்கிறதுக்கு இங்க யாரும் இல்லை. உங்கப்பாவும் கேட்க மாட்டார், நான் பார்த்துக்கிறேன். கன்னு கயித்தைப் பிடிக்க ஆள் வேணும், எனக்கு முன்ன மாதிரி இழுக்க முடியலை. வந்து நீயே அதுக்குப் பேர் வை, இன்னும் வைக்கலை.

மாரிமுத்து அண்ணன் மகன் வந்தா வாசல்லயே வாங்கிக்கிட்டு அனுப்பிடாதே. ரூமுக்குள்ள கூப்பிட்டு உட்கார வெச்சுப் பேசு. உன்னை முழுசாப் பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லணும்னு அவன்கிட்ட கண்டிப்பாச் சொல்லியிருக்கேன். அங்க நடக்கிறதை எனக்கு மறைக்க மாட்டேன்னு அவன் சத்தியம் பண்ணியிருக்கான், அவனைத் திட்டாதே.

இப்படிக்கு
அம்மா